போஸ்டிங் பட்டியல் போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ராமநாதபுரம் கடலோரத்துப் பிள்ளைகளுக்குச் செவிலியர் கல்வி தருகிற கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், எங்களைப் பயிற்சிக்கு ஏற்றுக்கொள்கிற மருத்துவமனைகளின் செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கும், மாவட்ட சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நான் பி.எஸ்சி. நர்சிங் இறுதியாண்டு மாணவி. ஊர் பாம்பன் பக்கம். கல்லூரியின் பெயரையும் என் பெயரையும் எழுதவில்லை. காரணம் உங்களுக்கே தெரியும், இன்னும் இன்டர்னல் மார்க் பாக்கி இருக்கிறது.

நான் கேட்கப்போவது ஒன்றுதான். எங்கள் கிளினிக்கல் போஸ்டிங்கில், அதாவது நோயாளிகளிடம் நேரடியாகப் பெறுகிற பயிற்சியில், ஒரு நல்ல பகுதியை இந்தக் கரையிலேயே வையுங்கள். துணை சுகாதார நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம், மீன் இறங்குதளம், ஏர்வாடி என்று எங்கள் ஊர்களிலேயே வையுங்கள். சும்மா வந்து போகிற போஸ்டிங்காக இல்லாமல், கையில் வேலை கொடுத்து, பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லித் தருகிற போஸ்டிங்காக வையுங்கள். ஏனென்றால் செய்தே பார்த்திராத வேலையை நாங்கள் எப்படித் தேர்ந்தெடுப்போம்?

கல்லூரியில் வேலை வழிகாட்டல் என்று ஒரு கூட்டம் நடக்கும். வருகிறவர் பெரும்பாலும் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற நிறுவனத்தின் ஆள். திரையில் கொடிகள் வரும். எந்த நாட்டுக்கு எந்தப் பரீட்சை, வளைகுடாவுக்கு பிரோமெட்ரிக், இங்கிலாந்துக்கு ஓ.இ.டி., அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ், ஜெர்மனிக்கு பி2 வரை ஜெர்மன் மொழி என்று விறுவிறுவென்று சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு வாட்ஸ்அப் எண் கொடுப்பார். எங்கள் வகுப்பு அன்றைக்குத்தான் முழு கவனத்தோடு நோட்ஸ் எடுக்கும். அப்புறம் ஹாஸ்டலில் ஒரு வாரம் அதே பேச்சு: நீ எந்த நாடு?

இதை நான் குறை சொல்லவில்லை. கீழக்கரையிலும் தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் வீட்டுக்கு ஒருவராவது அக்கரையில் இருப்பது பல தலைமுறைப் பழக்கம். படகு ஓட்டுகிற வீட்டுப் பிள்ளைக்குக் கல்விக் கடன் இருக்கிறது, தம்பி படிப்பு இருக்கிறது, டீசல் போட்டுக் கடலுக்குப் போய் வெறும் வலையோடு வருகிற நாட்கள் இருக்கின்றன. போகிறவர்கள் போகட்டும், நன்றாக இருக்கட்டும். போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்: தமிழ்நாடு அரசுக்கே 1978 முதல் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது, செவிலியர்களை அதுவும் அனுப்புகிறது. இடைத்தரகர் யாருக்கும் லட்சக்கணக்கில் கொடுப்பதற்கு முன் அங்கே ஒரு தடவை விசாரிக்கச் சொல்லலாம். அந்தக் கூட்டத்தில் அதைச் சொல்ல ஆள் இல்லை.

என் வருத்தம் வேறு. நான்கு வருடத்தில் ஒரு கிராம சுகாதார செவிலியர், ஒரு இடைநிலை சுகாதாரப் பணியாளர், 108-இல் ஓடுகிற ஒரு மருத்துவ உதவியாளர், வீட்டுக்கு வீடு போகிற ஒரு வலிநிவாரண செவிலியர், இவர்களில் ஒருவரைக்கூட எங்கள் முன்னால் நிறுத்தி “இவர் ஒரு நாளில் என்ன செய்கிறார் தெரியுமா?” என்று யாரும் சொன்னதில்லை. 108 சேவை 2008 செப்டம்பரில் இந்த மாநிலத்தில் தொடங்கியது. அதில் நர்சிங் படித்தவர்கள் வேலைக்குச் சேரலாம் என்பதே என் தோழி ஒருத்திக்கு மூன்றாம் வருடத்தில்தான் தெரிந்தது, அதுவும் ஆம்புலன்ஸ் டிரைவர் அண்ணன் சொல்லி.

சரி, போஸ்டிங்குக்கு வருகிறேன். பெரிய மருத்துவமனைப் போஸ்டிங் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐ.சி.யூ.வும் ஆபரேஷன் தியேட்டரும் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் லேபர் வார்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டிலைச் சுற்றி ஹவுஸ் சர்ஜன்கள், மருத்துவ மாணவர்கள், இரண்டு மூன்று கல்லூரி நர்சிங் பிள்ளைகள். பெற்றுக்கொண்டிருக்கிற அந்த அக்காவுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். நாங்கள் ஆறாவது வரிசையிலிருந்து எட்டிப் பார்த்ததெல்லாம் கேஸ் புக்கில் “பிரசவம் பார்த்தது” என்று ஏறுகிறது. வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) போடக் கை நடுங்குகிற பெண், தேர்வுக்கு முந்தின வாரம் இரவெல்லாம் விழித்துக் கேர் பிளானை (நோயாளிப் பராமரிப்புத் திட்டத்தை) நாலு கலர் பேனாவில் எழுதி முடிக்கிறாள். கலருக்கு மார்க் உண்டு. ஆண் மாணவர்கள் பாடு இன்னும் மோசம். பல இடங்களில் லேபர் வார்டு வாசலோடு சரி.

இந்திய நர்சிங் கவுன்சில் பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று சொல்கிறது. போஸ்டிங் போன இடத்தில் அந்தப் பத்துக்கு ஒருவரை நான் தேடியிருக்கிறேன். சி.ஐ. மேடம், அதாவது எங்கள் பயிற்சி ஆசிரியர், காலையில் வந்து வருகை எடுப்பார், மதியம் வந்து கையெழுத்துப் போடுவார். நடுவில் எங்களுக்குச் சொல்லித் தருவது வார்டு சிஸ்டர்தான், அவருக்கு நேரம் இருந்தால். அவர் தலையில் அந்த வார்டே இருக்கும்போது அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

கம்யூனிட்டி போஸ்டிங் இதைவிட வேடிக்கை. வேனில் இறங்குவோம், நீலக் கோட்டு, தோளில் கம்யூனிட்டி பேக், கடற்கரை மணலில் வெள்ளை ஷூ. (அந்த ஷூவைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுதலாம்.) பத்து மணிக்கு வீடு வீடாகப் போவோம். பாதி வீடு பூட்டிக் கிடக்கும். திறந்திருக்கிற வீட்டில் ஒரு பாட்டி இருப்பார். அவரிடமே நாலு பேர் போய் பிரஷர் பார்ப்போம். அவரும் சிரித்துக்கொண்டே நாலு தடவை கையை நீட்டுவார். குடும்ப விவரப் படிவத்தை நிரப்புவோம், கை கழுவுவது பற்றி ஒரு சார்ட் காட்டுவோம், பன்னிரண்டரைக்கு வேன் வந்துவிடும்.

அப்படி ஒரு நாள்தான் அந்த ஊரின் கிராம சுகாதார செவிலியர் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “பத்து மணிக்கு இந்த ஊருல யாரைப் பாப்ப பாப்பா? பொம்பளைங்க எல்லாம் கடல்பாசிக்குப் போயிருக்கும். இன்னைக்கு நீரோட்டம் எப்படின்னு கேட்டுட்டுல்ல வரணும்.” நான் ஊருக்குப் பக்கத்துப் பிள்ளை. அது எனக்குத் தெரியாத செய்தி இல்லை. ஆனால் போஸ்டிங் நேரத்தை நீர் வற்றுகிற நேரத்தை வைத்துப் போடலாம் என்று எங்கள் யாருக்கும் தோன்றியதே கிடையாது. பட்டியலில் எல்லா ஊருக்கும் ஒரே நேரம்தான், ஒன்பதரை முதல் பன்னிரண்டரை.

அந்த அக்காவோடு விடுமுறையில் நானாகவே அனுமதி கேட்டுச் சில மாலைகள் சுற்றினேன். வகுப்பறையில் கம்யூனிட்டி ஹெல்த் நர்சிங் புத்தகம் தராத பாடம் அங்கே கிடைத்தது. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்று கடல்பாசி எடுக்கிற பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, காலில் தகடு கட்டிக்கொண்டு பாறையில் முங்குவார்கள். வெட்டு மேல் வெட்டு, அதன் மேல் உப்புத் தண்ணீர். புண் ஆற வேண்டுமென்றால் ஒரு வாரம் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று நாங்கள் சொல்லிவிட்டு வருவோம். அவர்களுக்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக வற்றுகிற நாட்களில்தான் பிழைப்பு. அந்த ஒரு வாரம் போனால் அந்த மாதத்துக் காசே போச்சு. அதனால் அக்கா அப்படிச் சொல்லமாட்டார். எந்த நாளில் இறங்குகிறாய், எந்த நாளில் கரையில் இருக்கிறாய் என்று முதலில் கேட்பார். டிரஸ்ஸிங்கையும் தடுப்பூசியையும் அதற்கேற்ப வைப்பார். மணிக்கணக்கில் தண்ணீரில் நிற்பதால் சிறுநீரை அடக்கி அடக்கி எரிச்சல் வந்ததைப் பற்றி அந்தப் பெண்கள் ஒரு வேனில் வந்து இறங்குகிற இருபது பிள்ளைகளிடம் பேசமாட்டார்கள். அக்காவிடம் பேசுவார்கள். வாய் திறக்க வைப்பதும் ஒரு கைத்திறன்தான், அதற்கு லாக் புக்கில் (செய்த பயிற்சியைக் குறித்துக் கையெழுத்து வாங்குகிற ஏட்டில்) கட்டம் கிடையாது.

கர்ப்பிணிகள் பட்டியல் அவர் வாயிலேயே இருக்கும். யாருக்கு ரத்தம் குறைவு, யார் இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்குகிறாள், யாருடைய பிக்மி எண் (கர்ப்பிணிப் பதிவு எண்) பதிவில் வங்கிக் கணக்கு தப்பாக ஏறி முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகை நிற்கிறது என்பது வரை. சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர் என்பது கணக்கு. அந்த ஐயாயிரம் பேரை நோட்டில் மட்டும் இல்லாமல் முகத்தோடு தெரிந்து வைத்திருக்கிற ஒருவரிடம் ஒரு மாதம் நின்றால், வார்டில் நோயாளியை “பெட் நம்பர் 14” என்று கூப்பிடுகிற பழக்கம் எங்களுக்கு வராமலாவது இருக்கும்.

கடலுக்குப் போகிற ஆண்களிடம் இருக்கிற கேள்விகள் வேறு ரகம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நல்ல காரியம். ஆனால் கேரளப் பக்கம் ஆழ்கடல் படகில் கூலிக்குப் போய் வாரக்கணக்கில் திரும்பாதவருக்கு எத்தனை நாள் மாத்திரை கட்டிக் கொடுப்பது? ஒருவர் அக்காவிடம் கேட்டார், படகில்தான் ஐஸ் இருக்கிறதே, இன்சுலினை அதற்குள் போட்டுக்கொள்ளலாமா என்று. போடக் கூடாது, உறைந்தால் மருந்து கெட்டுவிடும், துணியில் சுற்றி ஐஸ் நேராகப் படாமல் வை என்று அக்கா சொன்னார். இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். படகில் குளிர்சாதனப் பெட்டி இல்லாதவனுக்கு என்ன சொல்வது என்று யோசித்ததில்லை. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருக்கிற கணவருக்குச் சர்க்கரை மாத்திரை எப்படிப் போய்ச் சேரும் என்று ஒரு பெண் கேட்டாள். அதற்கு அக்காவிடமும் பதில் இல்லை.

அடுத்து, எங்கள் பாடத்திட்டம் எந்த ஊரில் உட்கார்ந்து எழுதப்பட்டதோ தெரியாது, கடல் அதில் இல்லை. பாம்புக்கடி உண்டு, நாய்க்கடி உண்டு, சரி, அவையும் வேண்டும். திருக்கை முள் குத்தி வருகிறவருக்கு என்ன செய்வது? தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை காலை வைத்திருந்தால் வலி நன்றாக அடங்கும். அந்த விஷம் சூட்டில் சிதைகிற வகை. அப்புறம் முள் துண்டு உள்ளே ஒடிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், டெட்டனஸ் ஊசி பார்க்க வேண்டும். மார்பிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் முள்ளைப் பிடுங்காமல் அப்படியே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். சொறி (ஜெல்லி மீன்) பட்டு உடம்பெல்லாம் தடித்து வருகிறவர் இருக்கிறார். கடலில் மூழ்கித் தூக்கி வரப்பட்ட பிள்ளையின் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கப் பார்க்கிற கூட்டம் இருக்கிறது. அங்கே நேரத்தை வீணாக்காமல் முதலில் மூச்சுக் கொடுத்து, பிறகு நெஞ்சை அழுத்த வேண்டும் என்று அந்தக் கூட்டத்தின் நடுவே உரக்கச் சொல்லுகிற தைரியம் எங்களுக்கு வேண்டும். ராமேசுவரம் தீவில் பிறந்த பிள்ளைக்கு இதெல்லாம் கட்டாயப் பாடமாக இருக்க வேண்டாமா? எங்கள் கல்லூரித் திறன் ஆய்வகத்தில் ஒரு பொம்மை இருக்கிறது. அதை வைத்து ஒரு மதியம் சொல்லிக் கொடுத்தால் போதும்.

ஏர்வாடியைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகிச் செத்தார்கள். ஓட முடியவில்லை. அதன் பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது, உச்ச நீதிமன்றம் தானாக வழக்கு எடுத்தது. 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆவது பிரிவு எந்த வகையிலும் நோயாளியைச் சங்கிலியில் கட்டக் கூடாது என்கிறது. இந்தப் பிரிவு எங்களுக்குத் தேர்வில் வரும். வகுப்பில் மேடம் ஏர்வாடி என்று சொன்னதும் பின் பெஞ்சில் சிரிப்பு வரும், “உன்னை ஏர்வாடிக்குத்தான் அனுப்பணும்” என்கிற பழைய கிண்டல். அவ்வளவோடு அந்தப் பாடம் முடிந்துவிடும். மனநலப் போஸ்டிங்குக்கு நாங்கள் வேறு மாவட்டத்துக்குப் பெட்டி கட்டுகிறோம். கீழக்கரையைத் தாண்டினால் ஏர்வாடி. தர்காவுக்கு வருகிறவர்களுக்கு வேண்டுதலோடு மருந்தும் சேர்த்துக் கொடுக்கிற தவா–துவா திட்டம் அங்கே அரசே நடத்துவது. கேரளத்திலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து தங்கியிருக்கிற தாயிடம், நம்பிக்கையைக் கேலி செய்யாமல் மாத்திரையைத் தொடர வைப்பது எப்படி என்று வேறு எந்த வார்டில் கற்றுக்கொள்ள முடியும்? மனநல நர்சிங்கில் ஒரு வருடப் பட்டயப் படிப்பு இருக்கிறது. எங்கள் வகுப்பில் யாரும் அதை நினைத்ததில்லை. நினைக்கும்படியாக யாரும் எதையும் காட்டவில்லை.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. மதுரை எய்ம்ஸுக்குக் கட்டடம் வரும் முன்பே 2022-இல் அதன் முதல் தொகுதி மருத்துவ மாணவர்கள் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரிக்குத்தான் படிக்க வந்தார்கள். அவர்கள் அங்கிருந்து இங்கே வந்து கற்றுக்கொள்ள, நாங்கள் இங்கிருந்து மதுரைக்கு வேனில் போய்க்கொண்டிருந்தோம்.

சம்பளம் பற்றிப் பேசாமல் “ஊரிலேயே வேலை பாருங்கள்” என்று சொன்னால் அது வெறும் உபதேசம். சேவை மனப்பான்மை என்ற வார்த்தையை முதலாண்டு விளக்கேற்றும் நாளிலிருந்து கேட்டு அலுத்துவிட்டது. எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி 2015-இல் அரசு வேலைக்குப் போன அக்காக்கள் ரூ.7,700 தொகுப்பூதியத்தில் தொடங்கினார்கள். காலமுறை ஊதியம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்குநரகம்) வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். தொகுப்பூதியம் பிறகு 18,000 வரை வந்தது. நிரந்தரம் என்பது பலருக்கு இன்னும் வரிசையில்தான் இருக்கிறது. தனியாரில், 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையில்கூட மாதம் 20,000-க்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி 2016-இல் மத்திய அரசு அமைத்த குழு பரிந்துரை செய்தது. அந்தப் பரிந்துரையை எத்தனை மருத்துவமனைகள் மதிக்கின்றன என்பதை எங்கள் சீனியர்களின் சம்பளச் சீட்டைப் பார்த்தால் தெரியும். இந்த விவரத்தையும் எங்களுக்குச் சொல்லுங்கள். மறைத்து வைத்து ஊர்ப்பாசத்தைத் தூண்டினால் ஆறே மாதத்தில் கசந்துபோய் எல்லோரும் விமானம் ஏறிவிடுவார்கள். நல்லது கெட்டது இரண்டையும் தெரிந்துகொண்டு எங்களில் நாலைந்து பேர் இங்கே நின்றாலும் அவர்கள் நிலைப்பார்கள்.

இனி, என்ன செய்யலாம் என்று எனக்குத் தோன்றுவது. எட்டாவது செமஸ்டரில் 22 வாரம் இன்டர்ன்ஷிப் இருக்கிறது. அதில் ஊரகப் பயிற்சிக்கு என்று வருகிற வாரங்களை, இருபது பேர் ஒரே ஊரில் ஒரு வேனில் இறங்குவதாக இல்லாமல், இரண்டிரண்டு பேராக ஒரு கிராம சுகாதார செவிலியரிடம் ஒப்படைத்துவிடுங்கள். நேரத்தை அவர் முடிவு செய்யட்டும். கூடுதல் வேலை என்று அவருக்குத் தோன்றாமலிருக்க, பதிவேட்டு வேலையில் பாதியை நாங்கள் செய்து கொடுக்கலாம். அவருடைய கையெழுத்துக்கு எங்கள் லாக் புக்கில் சி.ஐ. மேடம் கையெழுத்துக்கு இருக்கிற மதிப்பு வேண்டும். 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கிற ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவு டியூட்டி போடுங்கள். அங்கே ஒரு பிரசவத்துக்கு ஒரு மாணவிதான் பக்கத்தில் இருப்பாள், கேஸ் புக்கில் பொய் எழுத வேண்டியிருக்காது. இரவு தங்குவதற்குக் கதவு பூட்டுகிற ஓர் அறையும் கழிப்பறையும் போதும். அது இல்லாமல் அனுப்பினால் எங்கள் வீட்டில் விடமாட்டார்கள், விடாததில் தப்பும் இல்லை. ஆண் மாணவர்களை மீன் இறங்குதளங்களுக்கு அனுப்புங்கள். படகு கரை சேருகிற நேரத்தில் மேசை போட்டு பிரஷர் பார்க்க அவர்களைவிடத் தோதான ஆள் யார்? ஏர்வாடிக்கு ஒரு வாரமாவது வேண்டும், மனநல நர்சிங் ஆசிரியர் கூடவே வர வேண்டும், ஆசிரியர் இல்லாமல் வேடிக்கை பார்க்கப் போவதானால் அனுப்பவே வேண்டாம்.

வழிகாட்டல் கூட்டத்தை நிறுத்த வேண்டாம். கொடிகள் காட்டுகிறவருக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால், கிராம சுகாதார செவிலியர் அக்காவுக்கும் 108 அண்ணனுக்கும் இன்னொரு மணி நேரம் கொடுங்கள். கேள்வி கேட்க நாங்கள் தயார்.

எங்கள் வகுப்பிலேயே தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, வாலிநோக்கம், மூக்கையூர், தங்கச்சிமடம் என்று கரை நெடுக உள்ள ஊர்ப் பிள்ளைகள் இருக்கிறோம். எந்த ஊரில் எந்த நேரத்தில் வீட்டில் ஆள் இருக்கும், எங்கே பாசிக்குப் போவார்கள், எங்கே உப்பளத்துக்குப் போவார்கள், மாலைக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று ஊர்வாரியாக எழுதித் தருகிறோம். அதை வைத்து அடுத்த பட்டியலைப் போடுங்கள். முதலில் ஓர் ஊரில் மட்டும் செய்து பார்ப்பதானால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் வருகிறது. விசைப்படகு ஆட்கள் எல்லோரும் அப்போது கரையில்தான் இருப்பார்கள். கடலில் கிடக்கிறவர்களின் பிரஷரையும் சர்க்கரையையும் பார்க்க அதைவிட நல்ல காலம் வருடத்தில் வேறு இல்லை. நாட்காட்டியில் அந்த இரண்டு மாதத்தை மட்டும் எங்கள் செமஸ்டர் பரீட்சைக்கு ஒதுக்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
இறுதியாண்டு பி.எஸ்சி. நர்சிங் மாணவி ஒருத்தி,
பாம்பன்